இருபத்தைந்து ஆண்டுகள் ஒரே இருக்கையில்: வரலாற்றறிஞர் பேராசிரியர் முஹம்மது முஜீப்



கல்வி நிலையங்களின் வரலாற்றைச் சொல்லும்போது, அவற்றைத் தோற்றுவித்தவர்களின் பெயர்களையே நாம் பெரிதும் நினைவு கூர்கிறோம். அடிக்கல்லில் அவர்களின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். ஆண்டு விழாவில் அவர்களுக்காக துஆச் செய்யப்படும். ஆனால் தோற்றுவித்தவர் மறைந்த பின்னரும், புகழ் பெற்ற தலைவர் வேறிடம் சென்ற பின்னரும், கட்டடம் பாதியிலும் கணக்குப் புத்தகம் பற்றாக்குறையிலும் நிற்கும் வேளையில், அந்த நிறுவனத்தை விட்டு அகலாமல் காத்து நின்றவர்களை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஒரு நிறுவனம் பிறப்பதற்கு ஆர்வம் போதும். அது வாழ்வதற்கு இஸ்திகாமத் என்னும் நிலைகுலையாத உறுதி வேண்டும்.

அத்தகைய உறுதிக்கு எடுத்துக்காட்டாக விளங்கிய ஒருவரின் வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் எடுத்துரைக்க விழைகிறோம். அவர் டில்லி ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யாவின் துணைவேந்தராக 1948 முதல் 1973 வரை கால் நூற்றாண்டுக் காலம் பணியாற்றிய பேராசிரியர் முஹம்மது முஜீப் ஆவார். வரலாற்றைப் படித்து, வரலாற்றைக் கற்பித்து, வரலாற்றை எழுதியவர். இறுதியில் ஒரு பல்கலைக் கழகத்தின் வரலாற்றில் தாமே ஓர் அத்தியாயமாகிப் போனவர்.

பிறப்பும் கல்வியும்

முஜீப் அவர்கள் 1902ஆம் ஆண்டு லக்னோ நகரில் பிறந்தார். தந்தையார் முஹம்மது நஸீம் அந்நகரின் முன்னணி வழக்கறிஞர்களுள் ஒருவர், பெரும் செல்வர். பிள்ளைகளை ஆங்கிலேயப் பள்ளிகளில் சேர்த்து, பின்னர் இங்கிலாந்துக்கு அனுப்பிப் படிக்க வைக்கும் அளவுக்கு வசதி படைத்த குடும்பம் அது. மூத்த சகோதரர் முஹம்மது ஹபீப் பின்னாளில் அலீகர் முஸ்லிம் பல்கலைக் கழகத்தின் புகழ் பெற்ற வரலாற்றுப் பேராசிரியரானார். மற்றொரு சகோதரர் முஹம்மது வஸீம் சட்டத் துறையில் உயர்ந்தவர். நாட்டுப் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் சென்றார். ஹபீபும் முஜீபும் இந்தியாவிலேயே இருந்து, இருவரும் வரலாற்றுக்கும் கல்விக்கும் தம்மை ஒப்படைத்தனர். ஒரே வீட்டில் பிறந்த மூவரின் வழிகள் இவ்வாறு பிரிந்ததே அந்தத் தலைமுறை முஸ்லிம்களின் நிலையை நமக்கு எடுத்துக்காட்டப் போதுமானதாகும்.

ஹபீப் அவர்களைப் பற்றி ஒரு செய்தியை இங்குக் குறிப்பிடுவது பொருத்தம். கஜ்னவி சுல்தான் மஹ்மூதைப் பற்றி 1927இல் அவர் எழுதிய நூலில், அம்மன்னரின் படையெடுப்புகளுக்கு மார்க்கப் பற்று காரணமன்று, செல்வத்தின் மீதும் அதிகாரத்தின் மீதும் கொண்ட ஆசையே காரணம் என்று வாதிட்டார். மன்னர் ஒருவர் முஸ்லிமாக இருந்தார் என்பதற்காக அவர் செய்த அனைத்தையும் மார்க்கத்தின் கணக்கில் எழுதக் கூடாது என்பது அவரது துணிபு. இதற்காக அவர் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். தம்மவரைப் புகழ்வதற்காக வரலாற்றை வளைக்கலாகாது என்ற இந்தப் பண்பு தம்பியிடத்திலும் இருந்ததை நாம் பின்னர்க் காண்போம்.

முஜீப் அவர்கள் ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்தின் நியூ கல்லூரியில் வரலாற்றுப் பாடம் பயின்று 1922இல் பட்டப் படிப்பை முடித்தார். அக்காலத்தில் அத்தகைய பட்டத்துடன் இந்தியா திரும்பிய இளைஞருக்கு அரசுப் பதவியும் வழக்கறிஞர் தொழிலும் வாசல் திறந்து காத்திருந்தன. ஆனால் அவர் தாயகம் திரும்பவில்லை, ஜெர்மனி சென்றார்.

பெர்லின் நகரில் மூன்று நண்பர்கள்

முதல் உலகப் போரில் தோற்று, பணத்தின் மதிப்பு நாள்தோறும் சரிந்துகொண்டிருந்த ஜெர்மனியின் தலைநகரில் மூன்று இந்திய முஸ்லிம் இளைஞர்கள் ஒன்று கூடினர். பொருளாதாரத்தில் முனைவர் பட்டத்துக்காக வந்திருந்த ஜாகிர் ஹுஸைன், தத்துவமும் கல்வியியலும் பயின்ற ஆபித் ஹுஸைன், அச்சுக் கலை கற்க வந்த முஜீப் ஆகியோரே அம்மூவர். ஆக்ஸ்போர்டுப் பட்டதாரி ஒருவர் அச்சுக்கூடத்தில் மை படிந்த கைகளுடன் தொழில் கற்றார் என்பதை நம் இளைஞர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். நூல்கள் இல்லாமல் கல்வி இல்லை, அச்சு இல்லாமல் நூல்கள் இல்லை என்ற எளிய உண்மையை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். ஜாகிர் ஹுஸைன் அவர்களும் பெர்லினிலிருந்த காவியானி அச்சகத்தில் காலிபின் கவிதைத் தொகுப்பைத் தம் கையாலேயே எழுத்துக் கோத்து அச்சிட்டதுண்டு.

பெர்லினில் இருந்த காலத்தில் முஜீப் ஜெர்மன் மொழியையும் ரஷ்ய மொழியையும் கற்றுத் தேர்ந்தார். பின்னாளில் ரஷ்ய இலக்கியத்தின் வரலாற்றை உருது மொழியில் எழுதி வெளியிட இது வழி வகுத்தது. அந்நகரில் அவர்களுக்கு அறிமுகமானவர் கெர்டா பிலிப்ஸ்போர்ன் என்ற யூதப் பெண்மணி. ஹிட்லர் ஆட்சிக்கு வரும் வேளையில் அப்பெண்மணி தாயகத்தை விட்டு டில்லி வந்து சேர்ந்து, ஜாமிஆவின் சிறுவர் பள்ளியில் பிள்ளைகளைப் பேணிக் காத்தார். மாணவர்கள் அவரை ஆபா ஜான் என்று அன்புடன் அழைத்தனர். 1943இல் அவர் மறைந்தபோது ஜாமிஆவின் அடக்கத் தலத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்.

ஜாமிஆ என்னும் தோணி

இங்கு ஜாமிஆவின் பிறப்பைச் சுருக்கமாகக் கூறுவது அவசியம். கிலாஃபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் நாடெங்கும் பரவியிருந்த 1920ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், அலீகரில் கல்லூரிப் பள்ளிவாசலில் ஜாமிஆ தொடங்கப்பட்டது. ஆங்கிலேய அரசின் மானியத்தைப் பெறும் கல்லூரியில் படிக்க மாட்டோம் என்று வெளியேறிய மாணவர்களுக்கான சுதந்திரக் கல்வி நிலையமாக அது உருவாயிற்று. மால்டா தீவில் சிறையிருந்து சில மாதங்களுக்கு முன்பே விடுதலையாகியிருந்த ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூதுல் ஹஸன் அவர்கள் நோயுற்ற உடலுடன் வந்து அதனைத் தொடங்கி வைத்தார்கள். அவர்களின் உரையை மௌலானா ஷப்பீர் அஹ்மது உஸ்மானி வாசித்தார்கள். அடுத்த மாத இறுதியில் ஷைகுல் ஹிந்த் அவர்கள் இறையடி சேர்ந்தார்கள். தேவ்பந்தின் பேராசானும் ஆங்கிலம் கற்ற இளைஞர்களும் ஒரே மேடையில் கை கோத்ததன் விளைவே ஜாமிஆ என்பதை மதரஸாவில் ஓதிய நாம் பெருமையுடன் நினைவு கூரலாம்.

மௌலானா முஹம்மது அலீ முதல் துணைவேந்தராகவும், ஹகீம் அஜ்மல் கான் முதல் வேந்தராகவும் பொறுப்பேற்றனர். ஆனால் ஒத்துழையாமை இயக்கம் 1922இல் நிறுத்தப்பட்டது. 1924 மார்ச்சில் துருக்கியில் கிலாஃபத்தே ஒழிக்கப்பட்டது. கிலாஃபத் குழுவின் உதவியால் நடந்து வந்த ஜாமிஆவுக்கு வருவாய் வற்றியது. மூடிவிடலாம் என்று பலர் கூறினர். ஹகீம் அஜ்மல் கானும் டாக்டர் அன்ஸாரியும் அதற்கு இசையவில்லை. கையேந்தியேனும் பொருள் திரட்டித் தருகிறேன் என்ற கருத்தில் காந்தியடிகளும் ஊக்கமளித்தார். 1925இல் ஜாமிஆ அலீகரிலிருந்து டில்லி கரோல் பாகுக்கு இடம் பெயர்ந்தது.

இச்செய்திகள் ஜெர்மனியிலிருந்த நண்பர்களுக்கு எட்டின. ஜாமிஆவை மூடாதீர்கள், நாங்கள் வந்து எங்கள் வாழ்நாளை அதற்கு அளிக்கிறோம் என்று அவர்கள் தெரிவித்தனர். இதில் ஓர் உருக்கமான செய்தியுண்டு. செல்வக் குடும்பத்துப் பிள்ளையான முஜீப் இந்த வறுமைக்குள் வந்து அல்லற்படுவதை ஜாகிர் ஹுஸைன் விரும்பவில்லை, தடுத்துப் பார்த்தார். முஜீப் பணியவில்லை. 1926 பிப்ரவரியில் மூவரும் தாயகம் திரும்பி ஜாமிஆவில் சேர்ந்தனர். ஜாகிர் ஹுஸைன் துணைவேந்தரானார். முஜீப் வரலாறு கற்பிக்கும் ஆசிரியரானார். அப்போது அவருக்கு வயது 23.

இருபதாண்டு உறுதிமொழி

1927 டிசம்பர் இறுதியில் ஹகீம் அஜ்மல் கான் மறைந்ததும் ஜாமிஆ தந்தையை இழந்த குழந்தையாயிற்று. பொருள் திரட்டித் தருவதற்கு ஆளில்லை. இந்நிலையில் 1928இல் ஆசிரியர்களே ஒரு கல்விக் கழகமாக இணைந்து பொறுப்பை ஏற்றனர். இருபது ஆண்டுகள் ஜாமிஆவை விட்டு நீங்குவதில்லை, மாதம் 150 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுவதில்லை என்று அவர்கள் உறுதிமொழி எடுத்தனர். அந்தத் தொகையும் எல்லா மாதங்களிலும் முழுமையாகக் கைக்கு வந்ததில்லை. ஐரோப்பியப் பல்கலைக் கழகங்களில் பயின்றவர்கள் இந்த ஊதியத்தில் குடும்பம் நடத்தினார்கள் என்றால், அவர்களின் இல்லத்தரசிகள் பட்ட சிரமத்தையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வறுமை ஒருபுறமிருக்க, ஜாமிஆ வழங்கிய பட்டங்களை ஆங்கிலேய அரசு ஏற்கவில்லை. அங்குப் படித்தவருக்கு அரசு வேலை கிடையாது. பிறகு யார்தான் பிள்ளைகளை அனுப்புவார்கள்? ஆகவே மாணவர் தொகை சிறிதாகவே இருந்தது. உயர்கல்வியை விடச் சிறுவர் பள்ளியிலும், முதியோர் கல்வியிலும், ஆசிரியர் பயிற்சியிலும் ஜாமிஆ ஆழமாக வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். 1935 மார்ச் முதல் நாள் யமுனைக் கரையோரமான ஓக்லாவில் புதிய வளாகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, மந்திரிகளையோ செல்வந்தர்களையோ அழைக்காமல், பள்ளியின் மிகச் சிறிய மாணவனைக் கொண்டு அக்கல்லை நாட்டச் செய்தனர். அந்த வளாகம் யாருக்காக எழுகிறது என்பதை அச்செயலே அறிவித்துவிட்டது.

இக்காலத்தில் முஜீப் ஆற்றிய பணிகள் ஒரு மனிதர் செய்தவையா என வியக்கத் தக்கவை. வரலாறு கற்பித்தார். உலக வரலாற்றை எளிய உருது நடையில் எழுதினார். அரசியல் தத்துவத்தின் வரலாற்றை மாணவர்களுக்காக உருதுவில் தந்தார். ஜாமிஆ மாணவர்கள் மேடையேற்றுவதற்காக நாடகங்கள் எழுதினார். கேத்தி என்ற நாடகமும், காஷ்மீரத்துப் பாடலரசியைப் பற்றிய ஹப்பா காத்தூன் என்ற நாடகமும் அவற்றுள் குறிப்பிடத் தக்கவை. சிறுகதைகளும் எழுதினார். உயர்கல்வியை ஒருவர் தம் தாய்மொழியிலேயே பெற முடியும் என்பது ஜாமிஆவின் கொள்கை. அதற்குத் தேவையான பாட நூல்கள் இல்லாதபோது, நூல் இல்லையே என்று குறை கூறிக்கொண்டிராமல் அவரே எழுதினார்.

நெருப்பின் நடுவே

1946 நவம்பரில் ஜாமிஆவின் வெள்ளி விழா நடைபெற்றது. ஒருவரோடு ஒருவர் பேசவும் மனமில்லாதிருந்த அக்காலத்தில், பண்டித நேருவும் முஹம்மது அலீ ஜின்னாவும் ஒரே மேடையில் அமர்ந்த அரிய நிகழ்ச்சி அது. நாட்டில் பற்றியெரியும் பகைமை நெருப்பை அணைக்குமாறு ஜாகிர் ஹுஸைன் அத்தலைவர்களிடம் கண்ணீர் மல்க வேண்டிக்கொண்டார். நெருப்பு அணையவில்லை. அடுத்த ஆண்டு நாடு பிளவுண்டது. ஜாகிர் ஹுஸைன் ரயில் பயணத்தில் ஜலந்தர் நிலையத்தில் மயிரிழையில் உயிர் தப்பினார். டில்லியில் கலவரம் மூண்டபோது கரோல் பாகிலிருந்த ஜாமிஆவின் உடைமைகள் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. பல்லாண்டு உழைப்பில் அச்சிட்ட நூல்கள் சாம்பலாயின. ஓக்லா வளாகம் காப்பாற்றப்பட்டது. 1947 செப்டம்பரில் டில்லி வந்த காந்தியடிகள் ஜாமிஆவுக்கு நேரில் வந்து ஆறுதல் கூறினார்.

அந்நாட்களில் வடநாட்டில் படித்த முஸ்லிம்களில் பெருந்தொகையினர் எல்லை கடந்து சென்றனர். போனவர்கள் ஒருபுறம்; இருந்தவர்களின் மீது ஐயப் பார்வை மறுபுறம். இருபதாண்டு உறுதிமொழியின் காலமும் 1948இல் முடிவடைந்தது. யாருக்கும் இனிக் கடமைப்பாடு இல்லை. அவ்வேளையில்தான், பிரிவினையால் நிலைகுலைந்திருந்த அலீகர் பல்கலைக் கழகத்தைக் காக்க ஜாகிர் ஹுஸைன் அழைக்கப்பட்டார். துணைவேந்தராக அங்குச் சென்றார். பின்னர் பீஹார் ஆளுநராகவும், 1962இல் குடியரசுத் துணைத் தலைவராகவும், 1967இல் குடியரசுத் தலைவராகவும் அவர் உயர்ந்ததை நாடறியும். அவர் விட்டுச் சென்ற ஜாமிஆவின் பாரம் முஜீப் தோள்களில் ஏறியது.

துணைவேந்தர் இருக்கை

துணைவேந்தர் என்றவுடன் அதிகாரமும் ஆடம்பரமும் நம் நினைவுக்கு வரலாம். 1948இல் ஜாமிஆவின் துணைவேந்தர் இருக்கை முள்ளிருக்கையாகவே இருந்தது. சட்டப்படி அது பல்கலைக் கழகமே அன்று. தீக்கிரையான நூல்கள், குறைந்து போன மாணவர்கள், வறண்ட கருவூலம், களைத்துப் போன ஆசிரியர்கள் ஆகியவையே அவருக்குக் கிடைத்த சொத்து.

இவற்றை விடக் கடினமான வினா ஒன்றும் அவர் முன் நின்றது. அரசின் பணத்தை மறுத்ததனால் பிறந்தது ஜாமிஆ. இப்போது அரசு அந்நியருடையதன்று, நம்முடையது. அதன் மானியத்தைப் பெறலாமா? பெறாவிட்டால் ஆசிரியர்களின் பட்டினி தீராது, மாணவரின் பட்டத்துக்கு மதிப்பிராது. பெற்றாலோ மானியத்தோடு விதிமுறைகளும் கோப்புகளும் வரும். தியாக உணர்வோடு இயங்கிய ஒரு குடும்பம் அலுவலகமாக மாறிவிடும். ஆசிரியரும் மாணவரும் ஒரே பாயில் அமர்ந்து உண்ட காலம் போய், பதவி உயர்வையும் ஊதிய விகிதத்தையும் பேசும் காலம் வந்துவிடும்.

முஜீப் அவர்கள் மானியத்தை ஏற்கும் வழியையே தேர்ந்தார். தாம் பட்டினி கிடக்க ஒருவருக்கு உரிமையுண்டு. அடுத்த தலைமுறை ஆசிரியர்களையும் பட்டினி கிடக்கச் சொல்ல உரிமையில்லை. அவர் தேர்ந்த வழியின் நியாயம் இதுவென்றே நாம் கருதுகிறோம். படிப்படியாக ஜாமிஆவின் பட்டங்களுக்கு அங்கீகாரம் கிடைத்தது. ஊரகக் கல்வி நிறுவனமும் தொழில்நுட்பப் படிப்புகளும் தொடங்கப்பட்டன. 1962இல் பல்கலைக் கழக மானியக் குழுச் சட்டத்தின் 3ஆம் பிரிவின் கீழ் ஜாமிஆ நிகர்நிலைப் பல்கலைக் கழகமாக அறிவிக்கப்பட்டது. தோன்றி 42 ஆண்டுகளுக்குப் பின்னர் கிடைத்த அங்கீகாரம் அது. 1965இல் நடுவண் அரசு முஜீப் அவர்களுக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது.

அவரது காலத்தில் ஜாமிஆ சிறியதாகவே இருந்தது, வேகமாக வளரவில்லை என்று குறை கூறுவோர் உண்டு. நிர்வாகத்தை விட நூலும் சிந்தனையுமே அவர் மனத்துக்கு நெருக்கமானவை என்பதும் உண்மை. ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். பிரிவினையின் வடு ஆறாத தலைநகரில், ஒரு முஸ்லிம் கல்வி நிலையம் எல்லாச் சமயத்தாருக்கும் வாசலைத் திறந்து வைத்து, தன் பெயரையும் பண்பையும் இழக்காமல், ஒரு நாளும் மூடப்படாமல் இருபத்தைந்து ஆண்டுகள் நடந்தது. புயல் அடிக்கும்போது தோணியைக் கவிழாமல் வைத்திருப்பவனும் மாலுமிதான்.

இந்திய முஸ்லிம்கள் என்னும் நூல்

நிர்வாகச் சுமையின் நடுவிலும் அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. 1967இல் இந்திய முஸ்லிம்கள் என்ற பொருள் கொண்ட தலைப்பில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய பெருநூல் வெளிவந்தது. ஏறத்தாழ அறுநூறு பக்கங்கள் கொண்ட அந்நூல் இன்றளவும் ஆய்வாளர்களால் எடுத்தாளப்படுகிறது.

அதற்கு முன் எழுதப்பட்ட வரலாறுகள் பெரும்பாலும் மன்னர்களின் வரலாறுகளே. யார் எந்த ஆண்டில் அரியணை ஏறினார், யாரைப் போரில் வென்றார் என்பதோடு அவை முடிந்துவிடும். முஜீப் அந்த வழியில் செல்லவில்லை. முஸ்லிம்களின் இந்திய வாழ்வைத் தொடக்க காலம், இடைக்காலம், நவீன காலம் எனப் பிரித்து, ஒவ்வொரு காலத்திலும் மார்க்க அறிஞர்கள், ஆட்சியாளர்கள், ஸூஃபிகள், கவிஞர்கள், கட்டடக் கலைஞர்கள், பொது மக்களின் சமூக வாழ்வு என வரிசைப்படுத்தி ஆராய்ந்தார். சுல்தானும் படையும் இல்லாமலும் ஒரு சமுதாயத்துக்கு வரலாறு உண்டு என்பதை அந்த அமைப்பே சொல்லிவிடுகிறது. அடுத்து, இந்திய முஸ்லிம்கள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் அல்லர். வட்டாரந்தோறும் மொழியும் உடையும் பழக்கமும் வேறுபட்டு, மார்க்கத்தால் ஒன்றுபட்டவர்கள் என்பதை அவர் விரிவாக எடுத்துக் காட்டினார். பிரிவினைக்கு இருபதாண்டுகளுக்குப் பின் இதை எழுதுவது எளிய செயலன்று. முஸ்லிம்கள் இந்த மண்ணுக்கு அந்நியர்கள் என்று கூறியவர்களுக்கும், இந்த மண்ணோடு எந்த ஒட்டுறவும் கூடாது என்று கூறியவர்களுக்கும் அந்நூல் ஒருசேர விடையளித்தது.

மேலும், தம் சமுதாயத்தின் குறைகளை அவர் மறைக்கவில்லை. ஆட்சியாளர்கள் மார்க்கத்தைத் தம் வசதிக்கேற்பப் பயன்படுத்தியதையும், அரசவையை அண்டி வாழ்ந்த ஆலிம்கள் வாய்மூடி இருந்ததையும் எடுத்தெழுதினார். அரண்மனை வாசலை மிதியாமல் எளியோருடன் வாழ்ந்த ஸூஃபிப் பெரியார்களின் பால் அவருக்கு மிகுந்த மதிப்பு இருந்தது.

இவ்விடத்தில் நாம் மனந்திறந்து ஒன்றைக் கூற வேண்டும். ஷரீஅத்தைப் பற்றியும் உலமாக்களைப் பற்றியும் அந்நூலில் அவர் தெரிவித்துள்ள சில கருத்துகள் உலமாப் பெருமக்களுக்கு உடன்பாடானவை அல்ல, நமக்கும் உடன்பாடில்லை. அவர் மேலைநாட்டுக் கல்வி பெற்ற தாராளச் சிந்தனையாளர். ஃபிக்ஹு நூல்களை ஒரு முஃப்தி அணுகும் முறையில் அணுகியவர் அல்லர். ஆனால் அக்கருத்துகளை அவர் சமுதாயத்தைப் புறத்தே நின்று இகழ்பவராகச் சொல்லவில்லை. தம் இளமையையும் செல்வத்தையும் அந்தச் சமுதாயத்தின் பிள்ளைகளுக்காகச் செலவிட்ட பின்னர், உள்ளேயிருந்து கவலையோடு சொன்னார். நம்மைப் புகழ்பவர் எல்லாரும் நண்பரும் அல்லர்; குறை கூறுபவர் எல்லாரும் பகைவரும் அல்லர். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர்களின் குறை நிறைகளை ஆராயும் ஜர்ஹு தஅதீல் என்ற ஒரு துறையையே வளர்த்தவர்கள் நம் முன்னோர். ஓர் அறிவிப்பாளர் நல்லவர் என்பதற்காக அவரது மறதியை அவர்கள் மறைத்ததில்லை. அத்தகைய மரபில் வந்த நாம், நம் வரலாற்றை மட்டும் புகழுரையாக எழுதிக்கொள்வது தகுமா? முஜீப் எழுதியவற்றோடு மாறுபடுபவர் சான்றுகளோடு மறுத்து எழுதுவதே முறையாகும்.

இறுதிக் காலம்

1969இல் குடியரசுத் தலைவராக இருந்தபோதே ஜாகிர் ஹுஸைன் மறைந்தார். ஜாமிஆ வளாகத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார். தம் இளமைக் கால நண்பரின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் கடமையை முஜீப் ஏற்றார். அந்நூல் 1972இல் வெளிவந்தது. நாட்டின் தலைமகனாக உயர்ந்தவரைப் பற்றி எழுதும்போதும், வரலாற்றாசிரியரின் நிதானத்தை அவர் கைவிடவில்லை.

அதே 1972ஆம் ஆண்டு அவருக்கு மூளையில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. உயிர் பிழைத்தார், ஆனால் நினைவாற்றல் பெரிதும் சிதைந்தது. ஆங்கிலம் உள்ளிட்ட பல மொழிகளில் வல்லவராக விளங்கியவரிடமிருந்து சொற்கள் நழுவிப் போயின. ஒரு சமுதாயத்தின் நினைவைத் தொகுத்து எழுதிய கரத்துக்கு உரியவரின் சொந்த நினைவே மங்கிப் போயிற்று. இறைவனின் நாட்டத்தின் முன் நாம் என்ன சொல்ல இயலும்! அல்லாஹ் கொடுத்த அறிவு அவனுடைய அமானிதம். அது கையிலிருக்கும் காலத்திலேயே பயன்படுத்திவிட வேண்டும் என்ற படிப்பினை இதில் நமக்குண்டு. 1973இல் அவர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். 1985 ஜனவரி 20ஆம் நாள் டில்லியில் காலமானார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

அவர் மறைந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1988 டிசம்பரில், நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் ஜாமிஆ நடுவண் பல்கலைக் கழகமாயிற்று. அதைக் காண அவர் இல்லை. அஜ்மல் கான் நட்டதை ஜாகிர் ஹுஸைன் வேலி கட்டிக் காத்தார். வறட்சிக் காலம் முழுவதும் நீரூற்றியவர் முஜீப். நிழலில் அமர்ந்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

நமக்குள்ள பாடம்

ஜமாஅத் பெருமக்களே! இவ்வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு.

முதலாவது, பொறுப்பில் நிலைத்திருத்தல். நம் ஊர்களில் மக்தபும் நூலகமும் தொழிற்பயிற்சி நிலையமும் ஆர்வத்துடன் தொடங்கப்படுகின்றன. திறப்பு விழாவுக்குப் பந்தல் நிரம்பி வழிகிறது. மூன்றாம் ஆண்டில் கணக்கு எழுத ஆளில்லை, ஆசிரியருக்குச் சம்பளமில்லை, பூட்டுச் சாவி யாரிடம் என்பதும் தெரியவில்லை. தொடங்குபவர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் நாம், பத்தாண்டுகளாக விடாமல் நடத்தி வரும் முஅல்லிமையும் கணக்கரையும் ஒரு முறையேனும் மேடைக்கு அழைத்ததுண்டா?

இரண்டாவது, நம் வரலாற்றை நாமே உண்மையாக எழுதி வைத்தல். பள்ளிவாசல்களின் பழைய தீர்மானப் புத்தகங்கள், நிகாஹ் பதிவேடுகள், வக்ஃபுப் பத்திரங்கள், மஹல்லாப் பெரியவர்களின் நினைவுகள் ஆகியவை யாவும் வரலாற்றுச் சான்றுகள். மன்னர்களுக்கு மட்டுமன்று, சாதாரண மக்களுக்கும் வரலாறு உண்டு என்பதுதானே முஜீப் காட்டிய வழி! கரையான் தின்று தீர்க்கும் முன் அவற்றைப் படியெடுத்துப் பாதுகாப்பது நம் கடமை. அதில் நம் முன்னோரின் சச்சரவுகளும் தவறுகளும் பதிவாகியிருந்தால் அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட வேண்டாம். பின்வருவோர் அவற்றிலிருந்தும் கற்கட்டும்.

வல்லோன் அல்லாஹ், மர்ஹூம் முஹம்மது முஜீப் அவர்களின் நற்பணிகளை ஏற்று, பிழைகளைப் பொறுத்து, மறுமையில் உயர்ந்த பதவியை அருள்வானாக! நம் கல்வி நிலையங்களுக்கு, தொடங்குவோரை மட்டுமன்றி, நிலைத்து நின்று நடத்துவோரையும் தந்தருள்வானாக! ஆமீன்.